வண்டி வாங்கதுக்கு முன்னாடி கீழ குனிஞ்சு பாரு மாப்ள

மாப்ள, நல்லாருக்கியாலே. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிட்டு, இப்ப சீரியல்ல யாரு என்ன சேலை கட்டியிருக்கான்னு எனக்கே சொல்லித் தாராவ.

நீ கடக்கரை ஊரு வேம்பார் பக்கம் ஒரு பிக்கப் பேசி வச்சிருக்கேன்னு சொன்னதுலருந்து எனக்கு ஒரே ரோசனை. மீன் லோடு ஓடுன வண்டிங்க, ஐஸ் தண்ணியும் உப்பும் வருசக்கணக்கா சொட்டியிருக்கும், பெயின்ட் பளபளன்னு இருக்கேன்னு அட்வான்ஸ் குடுத்துராத. கோயம்புத்தூர்ல இருக்க உனக்கு உப்பு பண்ற வேலை தெரியாது, அது காத்துல இருக்க ஈரத்தயே இழுத்து வச்சுக்கும், மழையே பெய்யலன்னாலும் ராத்திரியெல்லாம் துரு ஏறிக்கிட்டேதான் இருக்கும்.

எனக்கு நடந்தத சொல்லுதேன். போன வருசம் முன் டயரு ரெண்டும் உள்பக்கமா மழுங்கிப் போச்சுன்னு அலைன்மெண்ட் பாக்க விட்டேன், பையன் ஸ்பேனர போட்டு தொங்கியும் பாத்துட்டான், டை ராட்டுல, அதான் ஸ்டியரிங்க முன் சக்கரத்தோட சேக்குற கம்பியில, இருக்க லாக் நட்டு அசையல. துரு ஊதி மரை மொத்தமும் பூட்டிக்கிச்சு. கேஸ் வச்சு சூடு காட்டவான்னு கேட்டான், நானும் சரின்னுட்டேன், புத்தி இல்ல பாரு. நட்டு கழண்டுச்சு, ஆனா சூட்டுல பக்கத்துல மூட்ட மூடியிருந்த ரப்பர் உறை, பூட்டுன்னு சொல்லுவாங்க, கருகிட்டு. ஸ்டியரிங் ராட்ட அப்படி சுட்டா அதோட பலமும் போயிரும்னு அப்புறம் பட்டறை அண்ணாச்சி ஏசுனாரு, கடைசில ரெண்டு பக்கமும் புதுசு மாத்துனேன்.

கழட்டுன பழைய டை ராட் எண்டை (ராட்டு முனையில இருக்க உருண்டை மூட்டு) கையில வாங்கிப் பாத்தேன்லே. பூட்டுல நகக்கண் அளவுதான் கிழிசல், உள்ள கிரீஸே இல்ல, காப்பிப்பொடி கரைச்ச மாதிரி தண்ணி, கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய உள் இரும்பு உருண்டை அம்மை விழுந்த மூஞ்சி கணக்கா குழிகுழியா. அந்த அம்பது காசு கனத்து ரப்பர்தான் எல்லாத்தையும் காப்பாத்துது பாத்துக்க.

அதனால பாக்கப் போகும்போது டார்ச் கொண்டு போ. எஞ்சின ஆஃப் பண்ணிட்டு ஒருத்தர ஸ்டியரிங் வீல லேசா அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டச் சொல்லு, நீ டை ராட் எண்டு மேல கைய வச்சுப் பாரு, கடக்குன்னு தட்டுனா ஆட்டம் இருக்குன்னு அர்த்தம். ஸ்டியரிங் திருப்புறத டை ராட்டுக்குக் கடத்துற ரேக்கு ஓரத்துல மடிப்பு மடிப்பா இருக்க ரப்பரயும் விரிச்சுப் பாக்கணும், மடிப்புக்குள்ளதான் வெடிச்சிருக்கும்.

வாங்கிட்டன்னா நல்ல தண்ணியில அடிய கழுவு, ஆனா பூட்டு மேல நேரா பிரஷர் அடிக்க விடாத. கழுவிட்டு டீசல் அடிச்சு விடுவாங்க பாரு, அத வேண்டாம்னு சொல்லிரு, ரப்பர் ஊறி மெத்துன்னு ஆயி சீக்கிரமே கிழியும். கிரீஸ் ஏத்துற நிப்பிள் இருந்தா கிரீஸ் கன் போடு, வெளியில தெரியுற மரைக்கும் நட்டுக்கும் கம்பி பிரஷ் போட்டுட்டு மெழுகு ஸ்ப்ரே அடிச்சா போதும்.

எப்ப வாரேன்னு சொல்லு, நானும் கூட வாரேன். வெள்ளச்சட்டை போட்டுட்டு வராத, அடியில படுக்கணும்.