பொருள்: சுடாத வாட்டர் ஹீட்டரும், நீங்கள் ‘தீர்த்துவைத்த’ என் புகாரும்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். உங்கள் கம்பெனியின் 15 லிட்டர் வாட்டர் ஹீட்டர் எங்கள் வீட்டில் தண்ணீரைச் சுட வைப்பதில்லை. வெதுவெதுப்பாக்குவதோடு நின்றுகொள்கிறது. போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் எழுத்தில் தருகிறேன்.

எந்த மாடல் என்று மறுபடி கேட்காதீர்கள். நீலப் பட்டை போட்டதுதான், உங்களுக்குத் தெரியாததா? சுவிட்ச் போட்டதும் முன்னால் விளக்கு எரிகிறது. காபி ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் அணைந்துவிடுகிறது. குமிழைக் கடைசிவரை திருப்பி வைத்தாயிற்று. ஒரு வாளி நிரம்புவதற்குள் பச்சைத் தண்ணீர் வந்துவிடுகிறது.

என் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பச்சை உடம்பு. அவளுக்கு இடுப்புக்கு ஊற்றச் சுடுதண்ணீர் வேண்டும் என்பதற்காகவே வாங்கியது இந்த ஹீட்டர். இதைத்தான் உங்கள் கஸ்டமர் கேர் தம்பியிடம் சொன்னேன். அவர் என்ன கேட்டார் தெரியுமா? “ராமேஸ்வரம் பக்கம்தானே மேடம்? அந்த வெயில்ல எதுக்கு ஹீட்டர், தொட்டித் தண்ணியே கொதிக்குமே?” கேட்டுவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இன்னொருவர் சிரித்ததும் கேட்டது. மார்கழி வாடையில், விடிகிற நேரத்தில், தங்கச்சிமடத்துக்கு வந்து ஒரு சொம்பு தண்ணீரைத் தலையில் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள் அவரை. உங்கள் அழைப்புகள் பதிவாகின்றன என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்களே, அந்தப் பதிவைப் போட்டுக் கேளுங்கள்.

‘வோல்டேஜ் குறைவாக இருக்கும்’ என்றார் அடுத்தவர். எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துப் பார்த்தார், சரியாகத்தான் இருக்கிறது. குறைவாகவே இருக்கட்டும். தண்ணீரைச் சுட வைக்கிற எலிமென்ட் 230 வோல்ட்டில் 2000 வாட் இழுத்தால், 180 வோல்ட்டில் சுமார் 1200 வாட்தான் இழுக்கும், தண்ணீர் சுட நேரமாகும், ஆனால் விளக்கு சீக்கிரம் அணையாது என்கிறார் அவர். இந்தப் பையனுக்குத் தெரிந்தது, செய்து விற்கிற உங்களுக்குத் தெரியாமல் போகுமா? ஒன்று, சூடு ஏறியதும் கரண்டை நிறுத்தவேண்டிய தெர்மோஸ்டாட் கெட்டுப்போய் முன்கூட்டியே கரண்டை வெட்டுகிறது. இல்லையென்றால் எலிமென்ட்டில் உப்புக் காறை பிடித்து, சூடு தண்ணீரில் இறங்காமல் அங்கேயே நின்று தெர்மோஸ்டாட்டை ஏமாற்றுகிறது. திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். திறந்தால் சீல் போகும், சீல் போனால் வாரண்டி போகும் என்று கார்டில் போட்டிருக்கிறீர்கள். நீங்களும் திறக்க மாட்டீர்கள், எங்களையும் திறக்க விடமாட்டீர்கள்.

“சர்வீஸ் சென்டருக்கே கொண்டு வந்துடுங்க, உடனே பாத்துடலாம்” என்று சொன்னதும் உங்கள் ஆள்தான். சுவரிலிருந்து கழற்றக் கூலி கொடுத்து, பழைய போர்வையில் சுற்றி, பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரத்துக்குப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கண்டக்டர் லக்கேஜ் போட்டார். உச்சிப்புளி தாண்டும்போது உள்ளே மிச்சமிருந்த தண்ணீர் கசிந்து பக்கத்து அம்மாவின் சேலை நனைந்து, அவரிடமும் பேச்சு வாங்கினேன். சென்டரில் இருந்தவர் போர்வையைக்கூட விலக்கவில்லை. “இதுக்கு வீட்டு சர்வீஸ்தான், இங்க வாங்க மாட்டோம்.” அவ்வளவுதான், செல்போனைப் பார்க்கப் போய்விட்டார். திரும்ப மாட்டவும் கூலி. எங்கள் பிழைப்பு மல்லிகைப் பதியன். நான் அலைந்த அன்று தண்ணீர் விட ஆளில்லாமல் வாடிப்போன நாற்றுக்கு யார் பதில் சொல்வது? அந்த ஒரு நாளில் எங்கள் வருஷமே போயிற்று.

சொல்ல மறந்தது இன்னொன்று. அதற்கும் முன்னால், “ஓடிபி சொன்னாத்தான் ஆள் அனுப்ப முடியும்” என்றார்கள். நம்பிச் சொன்னேன். ஆள் வரவில்லை, மெசேஜ்தான் வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார்?

உப்புத் தண்ணீருக்கு வாரண்டி இல்லை என்ற பேச்சை மட்டும் எடுக்க வேண்டாம். எங்கள் ராமேஸ்வரம் தீவில் போர்வெல் தண்ணீர் எப்படி இருக்கும் என்பது இங்கே விற்க வந்தபோதே தெரிந்திருக்கும். தொட்டியை அரிக்காமல் மக்னீசியம் ராடு காத்துக்கொள்ளும் என்று சொல்லித்தானே உங்கள் டீலர் விற்றார்?

உங்கள் கம்பெனி மேல் எனக்கு விரோதம் ஒன்றுமில்லை ஐயா. எங்கள் வீட்டு மிக்ஸியும் உங்களுடையதுதான், நன்றாக ஓடுகிறது. தயவுசெய்து தெரிந்த டெக்னீஷியன் ஒருவரை அனுப்பி, எலிமென்ட்டும் தெர்மோஸ்டாட்டும் பார்த்து, மாற்ற வேண்டியதை வாரண்டியில் மாற்றிக் கொடுங்கள். முடியாதென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள், போக்குவரத்தும் கூலியும் சேர்த்து.

ஒரு வாரம் பார்ப்பேன். பிறகு நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன், அதற்கடுத்து ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. விசாரணைக்கு வருகிறவர் அந்தச் சிரித்த தம்பியாக இருந்தால் ரொம்ப நல்லது.

பில் நகலும் வாரண்டி கார்டு நகலும் இணைத்திருக்கிறேன். டெக்னீஷியன் காலையிலேயே வரட்டும், மத்தியானம் குழந்தை தூங்கும். ஓடிபி கேட்டால், தண்ணீர் சுட்ட பிறகுதான் சொல்வேன்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர்