பேயும் இல்லை, பிசாசும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்து நிலக்கரிச் சுரங்க ஊரான டாசன் பற்றி 'பேய் நகரத்தில் ஒரு நாள்' என்று பயணக் கட்டுரை வந்திருந்தது. சனங்கள் போய்க் காலியாகிவிட்ட ஊரை அங்கே அப்படிச் சொல்வது வழக்கம், அவ்வளவுதான். அதை அப்படியே தமிழாக்கி, பக்கத்தில் மண்டையோட்டுப் படம் வேறு.

டென்வரில் மகன் வீட்டில் இருந்தபோது டாசனின் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறேன். காய்ந்த புல்மேட்டில் வெள்ளையடித்த இரும்புச் சிலுவைகள், வரிசை வரிசையாக. என் இடுப்பளவுகூட இல்லை. பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே போனேன். இத்தாலிக்காரர்கள், கிரேக்கர்கள், எல்லாம் பிழைக்க வந்தவர்கள். சில சிலுவைகளில் பெயரே இல்லை. பெயர் மாறினாலும் தேதி மாறவில்லை: 1913 அக்டோபர் 22.

அன்று ஆட்கள் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்போதே சுரங்கத்தில் கரியைப் பெயர்க்க வெடி வைத்திருக்கிறார்கள். விதிப்படி அது கூடாது. நிலக்கரித் தூள் பற்றிக்கொண்டது. கரிக்கட்டி நின்று எரியும். அதன் தூள் காற்றில் கலந்துவிட்டால் வெடிமருந்துதான். 263 பேர் செத்தார்கள், அதில் இரண்டு பேர் மீட்கப் போனவர்கள். இரண்டு நாள் முன்புதான் ஆய்வாளர் வந்து, சுரங்கம் நல்ல நிலையில் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். உங்கள் கட்டுரையில் இத்தனையும் 'ஒரு விபத்து' என்று இரண்டே சொல்லில் முடிந்துவிட்டது.

1923 பிப்ரவரியில் அதே ஊரின் இன்னொரு சுரங்கத்தில் கரி வண்டி தடம் புரண்டு, தாங்குமரங்களில் மோதி, மின்கம்பியிலிருந்து பொறி பறந்தது. மறுபடியும் அதே தூள். 120 பேருக்குக் குறையாமல் போனார்கள். முன்பு அப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளும் அதில் உண்டு.

அப்புறம் 1950இல் கம்பெனி சுரங்கத்தை மூடி, ஊரையே பிரித்து விற்றுவிட்டது. மிஞ்சியது கல்லறைத் தோட்டம்தான். ஆனால் அங்கே வாழ்ந்த குடும்பங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டாசனில் கூடி, சேர்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்கள் தாத்தாவைத்தான் நீங்கள் பேயாக்கியிருக்கிறீர்கள்.

தலைப்புக்கு ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். நான் எடுத்த சிலுவைப் படங்கள் இருக்கின்றன, கேட்டால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகன், சேலம்