அடி மட்டும்தான் உளுத்திருக்கிறது

அன்பு மச்சான்,

நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? ஓசூரில் இந்த வருஷம் மழை எப்படி? இங்கே கிருஷ்ணகிரிப் பக்கம் காற்றுதான் பலமாக அடிக்கிறது.

மூன்று மாதம் இங்கிலாந்தில், செம்ஸ்ஃபோர்டில் மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்து பத்து நாள் ஆகிறது. வந்ததும் காதில் விழுந்த முதல் செய்தி, நம் கோயிலை இடிக்கப் போகிறார்கள் என்பது. கூரை ஒழுகுகிறது, கைமரம் உளுத்துவிட்டது, எல்லாவற்றையும் இறக்கிவிட்டு கான்கிரீட் போடலாம் என்று பங்குக் கூட்டத்தில் பேசி முடித்துவிட்டார்களாம். இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால், அங்கே நான் பார்த்த ஒரு மரக்கோயிலைப் பற்றி உனக்குச் சொல்லியாக வேண்டும்.

செம்ஸ்ஃபோர்டிலிருந்து காரில் அரை மணி நேரம் போனால் ஆங்கர் என்று ஓர் ஊர். அதை ஒட்டி கிரீன்ஸ்டெட். வயலும் மரங்களும் சில வீடுகளும்தான். அங்கே அந்திரேயா பெயரில் ஒரு பங்குக் கோயில். ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தது, இன்றும் பூசை நடக்கிறது. உலகத்தில் இன்னும் நிற்கிற மரக்கோயில்களிலேயே பழையது இதுதான் என்கிறார்கள்.

பெரிய ஓக் மரங்களை நெடுக்காகப் பிளந்து, நட்டமாக வரிசைகட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அதுதான் சுவர். வெளியே மரத்தின் உருண்டை அப்படியே தெரிகிறது, உள்ளே தட்டையாக இருக்கிறது. நான் உள்பக்கம் கை வைத்துத் தடவிப் பார்த்தேன் மச்சான். வாய்ச்சி போட்ட தழும்பு விரலில் படுகிறது! உன் அப்பா உத்தரம் செதுக்கும்போது சில்லு சில்லாகத் தெறிக்குமே, அதே வேலை. ஒரு மரமும் அடுத்த மரமும் சேரும் இடத்தில் இரண்டிலும் காடி எடுத்து, நடுவில் ஓக் நாக்கு சொருகியிருக்கிறார்கள். காற்றும் சாரலும் உள்ளே புகாமல் இருக்கத்தான். முதலில் வேய்ந்திருந்தது புல்கூரை. பீடம் இருக்கிற பகுதியைச் செங்கல்லில் கட்டியது 1500 வாக்கில். கோபுரத்தில் இருக்கும் மணியில் 1618 என்று வார்த்திருக்கிறது.

மரத்தின் வயதைக் கண்டுபிடித்த கதையும் சுவையானது. ஒரு வருஷத்துக்கு ஒரு வளையம் என்று மரம் வளர்கிறது இல்லையா? நல்ல மழை பெய்த வருஷம் வளையம் அகலம், வறட்சி வருஷம் ஒடுக்கம். அந்த வரிசையை வயது தெரிந்த வேறு மரங்களோடு பொருத்திப் பார்க்கிறார்கள். 1960-இல் பார்த்தபோது 845-ஆம் ஆண்டு என்று சொன்னார்கள். 1995-இல் திரும்பவும் எண்ணி, அது சரியில்லை, மரம் வெட்டியது 1063-க்கும் 1108-க்கும் இடையில் என்று திருத்தினார்கள். இருநூறு வருஷப் பெருமை போனது. ஆனாலும் உள்ளதைச் சொன்னார்களே என்று எனக்கு மரியாதைதான் கூடியது. நம் தஞ்சைப் பெரிய கோயில் எழுந்து நூறு வருஷத்துக்குள் வெட்டிய மரம் என்று வைத்துக்கொள். அது கருங்கல், இது வெறும் மரம்.

இன்னொன்று. 1834-இல் டால்பட்டில் என்ற ஊரில் ஆறு விவசாயக் கூலிகள், கூலி குறைப்பை எதிர்த்துச் சங்கம் சேர்ந்து ரகசியமாகச் சத்தியம் செய்தார்கள் என்று ஏழு வருஷத் தண்டனை கொடுத்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். நாடே கொதித்தெழுந்த பிறகு 1836-இல் மன்னிப்பு கிடைத்தது. திரும்பி வந்தவர்களில் சிலருக்குப் பிழைக்க நிலம் கிடைத்தது இந்த கிரீன்ஸ்டெட் பக்கம்தான். அவர்களில் ஜேம்ஸ் பிரைன், கூட இருந்த தாமஸ் ஸ்டான்ட்ஃபீல்டின் மகள் எலிசபெத்தை 1839-இல் இந்தக் கோயிலில்தான் கல்யாணம் செய்தார். பிறகு கனடாவுக்குக் குடிபோனார்கள். சங்கம் வைத்து வேலையை இழந்த உன் அண்ணனை அங்கே நின்றபோது நினைத்துக்கொண்டேன்.

சரி, முக்கியமானதுக்கு வருகிறேன். 1848-இல் இந்தக் கோயிலும் விழுகிற நிலைக்கு வந்தது. மரங்களின் அடி அழுகிவிட்டது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? உளுத்த அடியை மட்டும் அறுத்தெடுத்தார்கள். கீழே செங்கல் வரிசை வைத்து, அதன்மேல் புதுச் சட்டம் போட்டு, பழைய மரங்களையே திரும்ப நிறுத்தினார்கள். அதனால் மரங்கள் கொஞ்சம் உயரம் குறைந்திருக்கின்றன, அவ்வளவுதான். இன்றைக்கும் அந்தச் செங்கல் வரிசை கண்ணுக்குத் தெரிகிறது. யாரும் அதை மறைக்கவில்லை.

நேற்று ஏணி போட்டு நம் கோயில் மேலே ஏறினேன். மகன் திட்டினான், பரவாயில்லை. ஒவ்வொரு கைமரமாக உளியால் குத்திப் பார்த்தேன். சுவருக்குள் புதைந்திருக்கும் நுனி ஒரு முழம்தான் உளுத்திருக்கிறது. நடுவில் குத்தினால் உளி இறங்கவே இல்லை, வைரம் பாய்ந்த வேங்கை. ஓடு உடைந்த இடத்தில் தண்ணீர் இறங்கி, சுவர் ஈரம் காயாமல் நுனியைத் தின்றிருக்கிறது. அந்தக் குளிர்நாட்டில் இல்லாத கரையானும் நமக்கு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வைரத்தை அது தொடவில்லை. நுனியை வெட்டி ஒட்டுப் போட்டு, அடியில் ஒரு கல் வைத்து, சுற்றிக் காற்று போக இடம் விட்டால் நம் பேரன் காலம்வரை தாங்கும். இடித்தால் இந்த வேங்கை விறகுக்கடைக்குத்தான் போகும். நாம் இருவரும் முதல் நன்மை வாங்கியது இந்தக் கூரைக்குக் கீழேதானே?

பங்குச் சாமியாரிடம் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டம் வைக்கிறேன், தச்சு வேலை தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும் என்றார். எனக்கு இழைப்புளிதான் பழக்கம். ஒட்டுப் போடுவதில் நீதான் கெட்டிக்காரன். சனிக்கிழமையே வந்துவிடு, ராத்திரி இங்கே தங்கு. களியும் கீரையும் செய்யச் சொல்கிறேன். அப்புறம், உன் அப்பாவின் வாய்ச்சி இன்னும் பரண்மேல்தானே இருக்கிறது? காம்பு ஆடினாலும் பரவாயில்லை, அப்படியே எடுத்து வா. இங்கே புதுக் காம்பு போட்டுக்கொள்ளலாம்.

உன் வருகைக்குக் காத்திருக்கும்,
உன் மச்சான்