மட்டக்களப்புக்குப் போகும் மகளுக்கு

கந்தப்பளை
வெள்ளிக்கிழமை இரவு

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

நானும் அம்மாவும் நலம். இங்கே ஒரு வாரமாக விடாத தூறல். நேற்று நீ போன் பண்ணியபோது லொறிக்குக் கோவா ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தத்தில் பாதிதான் கேட்டது. ஆனால் உன் மனசில் என்ன இருக்கிறது என்று புரிந்தது. மட்டக்களப்புச் சைக்கிள் போட்டியில், பயிற்சி தருகிற சேர் உன்னை உங்கள் அணியின் ஹாலிஎலப் பிள்ளைக்குத் துணையாக ஓட்டச் சொல்லியிருக்கிறார். அவள் கடைசி இருநூறு மீற்றருக்குக் கால் பலத்தை மிச்சம் வைத்திருக்க, நீ முன்னால் நின்று காற்றை முட்ட வேண்டும். “ஏத்தத்தில் என் பின்னால் வர முடியாதவளுக்கு நான் ஏன்பா ஓட்டணும்?” என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் பக்கத்து ஏத்தங்களில் மணிக்கு 12, 13 கிலோமீற்றர் வேகத்தில் ஏறும்போது காற்று உன்னை ஒன்றும் செய்வதில்லை. உன் எடையையும் சைக்கிளின் எடையையும் மேலே தூக்குவதுதான் அங்கே வேலை. நீ ஒல்லி, மூச்சும் நன்றாகப் பிடிக்கும். ஹப்புத்தளைக்கு ஏறும்போது மற்றவர்களை விட்டுவிட்டுப் போய்விடுகிறாய். அங்கே யார் பின்னால் ஒட்டிப் போனாலும் பெரிய லாபம் கிடையாது, அவரவர் கால்தான். ஆனால் தட்டை ரோட்டில் 35, 40இல் போகும்போது கணக்கே வேறு. காலில் இருக்கிற பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றுக்குச் செலவாகும் பலம் எட்டு மடங்கு. முன்னால் போகிறவரின் பின்சில்லுக்குக் கிட்ட ஒட்டிப் போனால் அந்தச் செலவில் கால் பங்கு, சில நேரம் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும்.

இதை நான் லொறியில் கண்டிருக்கிறேன். மகாஓயா தாண்டிய நேர் ரோட்டில் முன்னால் உயரமான லொறி ஒன்று போனால், கண்ணாடியில் அறைகிற காற்றின் இரைச்சல் சட்டென்று அடங்கும். அக்சிலேட்டரில் காலை அதே அளவு வைத்திருந்தாலும் வண்டி முன்னே நகரும். மலையில் வளர்ந்தவர்களுக்கு இது லேசில் பிடிபடாது. நாம் சின்ன வயசிலிருந்து தனியாக ஏறித் தனியாக இறங்கியே பழகியவர்கள். இந்த முறைதான் நீங்கள் நாலு பேரும் நிஜமாகவே ஒரு அணியாக ஓட்டப்போகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது.

அதுவும் ஜூலையில் போகிறீர்கள். மேற்கிலிருந்து வருகிற ஈரக்காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து, இருக்கிற தண்ணீரையெல்லாம் அந்தப் பக்கமே கொட்டிவிடும். வட்டவளையில் வருசத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழுவது அதனால்தான். மலையைத் தாண்டி இறங்கும்போது அதே காற்று காய்ந்து சூடாகிவிடுகிறது. பதுளையில் நீயே பார்க்கிறாய்தானே, இந்த மாதங்களில் மழை இல்லை, வறண்ட காற்றுதான். ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவதும் அந்தக் காற்றில்தான். அது இன்னும் கீழே இறங்கிக் கிழக்குக் கரைக்குப் போனால் அங்கே கச்சான் காற்று. பகல் ஏற ஏற பலக்கும். லொறிக் கதவைத் திறந்தால் முகத்தில் சூடு அடிக்கும்.

உங்கள் ஓட்டம் மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரை போய்த் திரும்புவது என்று சொன்னாய். அந்த ரோட்டில் நான் எத்தனையோ லோட் கொண்டுபோயிருக்கிறேன். அது கடலோரமாகத் தென்கிழக்கே போகிற ரோட்டு, காற்றோ தென்மேற்கிலிருந்து வரும். அதனால் போகும்போது வலது பக்கத்திலிருந்தும் வரும்போது இடது பக்கத்திலிருந்தும் குறுக்கே அடிக்கும். குறுக்குக் காற்றில் ஒருவருக்கு நேர் பின்னால் நின்றால் மறைப்பு கிடைக்காது. போகும்போது முன்னால் இருப்பவரின் இடப்பக்கம் சற்றுப் பின்னால்தான் அந்த மறைப்பு விழும்.

ஆகவே முன்னால் போகிறவள் ரோட்டின் இடது ஓரத்தை ஒட்டிப் போகவே கூடாது. அப்படிப் போனால் பின்னால் வருகிற மூன்று பேருக்கும் நிற்க இடமில்லை, எல்லாரும் ஓர வெள்ளைக் கோட்டில் தனித்தனியாகக் காற்று குடித்துக்கொண்டு வருவார்கள். உங்களுக்கு விட்டிருக்கிற பாதி ரோட்டுக்குள், நடுக்கோட்டுப் பக்கமாக அவள் ஏறிப் போகட்டும், மற்றவர்கள் இடது கைப்பக்கம் சாய்வாக அடுக்கி வரட்டும். திரும்பும்போது இது அப்படியே தலைகீழ்: முன்னவள் இடது ஓரம், மற்றவர்கள் அவளுக்கு வலப்பக்கம். சேருக்கு இது தெரியாமல் இருக்காது. ஆனால் நீங்கள் நாலு பேரும் போவதற்கு முன் வாயால் ஒரு தரம் பேசிக்கொள்ளுங்கள்.

கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி வரை வீடும் மதிலும் கடையும் காற்றைக் கொஞ்சம் தடுக்கும். காத்தான்குடியில் நடுவில் பேரீச்ச மரங்கள் நிற்கிற ரோட்டு, அங்கே இடம் குறுகும், கவனம். களுவாஞ்சிக்குடி தாண்டி ஓந்தாச்சிமடம், கோட்டைக்கல்லாறு பாலங்களுக்கு வந்ததும் வாவி திறந்து கிடக்கும், காற்றுக்கு ஒரு தடையும் இல்லை. வெறும் லொறியே அங்கே ஒரு பக்கமாக இழுக்கும். மற்ற அணிகள் உங்களை உடைக்கப் பார்க்கிற இடம் அதுவாகத்தான் இருக்கும். பாலத்துக்கு ஒரு கிலோமீற்றர் முன்பே நாலு பேரும் ஒன்றாக இருந்துவிட வேண்டும். அந்தப் பிள்ளை அங்கே தனியாக மாட்டினால் அவளுடைய கடைசி ஓட்டத்துக்குக் கால் இருக்காது. நீ தனியாக மாட்டினாலும் உன் கதி அதுதான்.

அவளைப் பற்றி ஒன்று சொல்லணும். போன மாதம் நான் பதுளை வந்தபோது நீங்கள் எல்லாரும் பயிற்சி முடித்துக் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள். அவள்தான் எழுந்து எனக்கு நாற்காலி தந்தாள், அரைகுறைத் தமிழில் “அங்கிள், சாப்டீங்களா” என்று கேட்டாள். அப்புறம் உன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, செயினில் இறுகிப்போயிருந்த ஒரு கண்ணியைப் பக்கவாட்டில் மெல்ல நெளித்து நெளித்து இளக்கினாள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள், பெடலைச் சுற்றிப் பார்த்தாள், மறுபடி நெளித்தாள். அவசரமே இல்லை. அது உன்னுடைய செயின் மகளே, அவளுடையது இல்லை. நீ உள்ளே கை கழுவப் போயிருந்தாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அங்கே போனதும் உங்கள் அணியில் இருக்கிற இரண்டு சிங்களப் பிள்ளைகளுக்கும் நீதான் வாய். கடையில், தங்குகிற பள்ளிக்கூட மண்டபத்தில், தண்ணீர் கேட்பதற்கு, ரோட்டில் வழி கேட்பதற்கு எல்லாம் உன்னைத்தான் பார்ப்பார்கள். கேட்க விடாமல் நீயே முந்திக்கொண்டு செய். நம் ஊர் டவுனில் அவர்கள் உனக்கு எத்தனை இடத்தில் பேசியிருப்பார்கள்.

பயணத்துக்கு வருகிறேன். பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, பதியத்தலாவை, மகாஓயா, செங்கலடி, இதுதான் வழி. விடியற்காலையில் புறப்படுங்கள். இரவுப் பயணம் வேண்டவே வேண்டாம் என்று சேரிடம் நான் சொன்னதாகச் சொல்லு. பசறையிலிருந்து பிபிலை வரை இறக்கமும் வளைவும்தான். 2021 மார்ச்சில் பசறையில் 13ஆம் மைல்கட்டைப் பக்கம் பஸ் பள்ளத்தில் போனது உனக்குத் தெரியும். இறக்கத்தில் வேன் டிரைவர் கீழ்க் கியரில் இறங்க வேண்டும், பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகின வாடை வந்தால் வெட்கப்படாமல் நிறுத்தச் சொல்லு. பதியத்தலாவை, மகாஓயாப் பக்கம் பொழுது சாய்ந்தால் யானை ரோட்டுக்கு வரும், அதனால் திரும்பும்போதும் பரிசளிப்பு முடிந்தது என்று சாயந்தரம் கிளம்பிவிடாதீர்கள். இன்னொரு இரவு தங்கினால் செலவுக்கு நான் தருகிறேன்.

சைக்கிள்களைக் கூரையில் ஏற்றப்போகிறார்களா, உள்ளேயா? உள்ளே என்றால் முன்சில்லைக் கழற்றியதும் கவட்டையின் இரண்டு நுனிக்கும் நடுவே அளவாக வெட்டிய மரக்கட்டை ஒன்றை இறுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துச் சாமான் நெருக்கிக் கவட்டை வளையும். டிஸ்க் பிரேக் இருக்கிற சைக்கிளில் பிரேக் கட்டைகளுக்கு நடுவிலும் ஒரு அட்டைத் துண்டு செருகணும். யாராவது தெரியாமல் பிரேக்கை அமுக்கிவிட்டால் கட்டைகள் ஒட்டிக்கொண்டு சில்லு திரும்ப உள்ளே போகாது. கியர் இருக்கிற பக்கம் மேலே பார்த்தபடி இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவே சாக்கு. லீக்ஸ் கட்டு அடுக்குகிற மாதிரி, அசையாமலும் இருக்க வேண்டும், நசுங்கவும் கூடாது. போய்ச் சேர்ந்த அன்று மாலையே பூட்டி ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். ஓட்டத்தன்று காலையில் ஸ்பேனர் தேடக்கூடாது. டயருக்கு முழுக் காற்றையும் அடித்து வேனுக்குள் வெயிலில் விட்டுவிடாதீர்கள்.

உனக்கு இன்னொன்று எழுதணும். 1986இல் எங்கள் தோட்டத்துப் பையன்கள் நாலு பேரை மட்டக்களப்பில் ஒரு சைக்கிள் ஓட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். எனக்கும் இன்னொருவனுக்கும் அடையாள அட்டை இல்லை. தாத்தாவின் குடியுரிமை விண்ணப்பம் எந்த அலுவலகத்தில் கிடந்ததோ, பதிலே வரவில்லை. அட்டை இல்லாமல் தமிழ்ப் பையன் சோதனைச் சாவடியைத் தாண்டுகிற காலம் இல்லை அது. இரண்டு பேர் போய் என்ன செய்ய என்று மற்ற இருவரும் எங்களுக்காக நின்றுவிட்டார்கள். கோபப்படவும் இல்லை. நாடற்றவர்களாக மிச்சமிருந்த எங்களுக்கெல்லாம் குடியுரிமை கொடுக்கிற சட்டம் 1988இல் வந்தது. எனக்கு அட்டை கைக்கு வந்தபோது சைக்கிளை விற்று லொறி ஏறியிருந்தேன். அந்த இருவரில் ஒருவர்தான் உன் பெரியப்பா என்று நீ கூப்பிடுகிற மனிதர். நமக்கு இரத்த உறவு கிடையாது. ஏன் பெரியப்பா என்று கூப்பிடச் சொன்னேன் என்று இப்போது தெரிந்துகொள்.

வெயிலைப் பற்றி: உன் உடம்பு குளிருக்குப் பழகியது. புதுச் சூட்டுக்கு உடம்பு பழகப் பத்து நாளாவது வேணும், நீங்களோ முதல் நாள்தான் போகிறீர்கள். அதனால் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதே. ஒரு போத்தலில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் ஜீவனி உப்புக்கரைசல் பைக்கற்று அளவாகக் கரைத்தது. முதல் நாள் இரவு சோறும் பருப்பும் போதும், புதுச் சாப்பாடு எதுவும் வேண்டாம். எருமைத் தயிர் ஓட்டம் முடிந்த பிறகு.

அம்மா எள்ளுருண்டை பிடித்து வைத்திருக்கிறாள், நாலு பேருக்கும் சேருக்கும் தனித்தனிப் பொட்டலம். புதன்கிழமை பதுளைக்கு லோட் இருக்கிறது, அப்போது கொண்டுவந்து தருகிறேன். மரக்கட்டைகளையும் நானே வெட்டி எடுத்து வருகிறேன், நாலு சைக்கிளின் கவட்டை அளவையும் அளந்து செவ்வாய்க்கு முன் போனில் சொல்லு. ஹாலிஎலப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சந்தைப் பக்கம் வா, அந்தப் பாலங்களைப் பற்றி இரண்டு பேருக்கும் ஒரு தாளில் வரைந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா