அம்மாவின் ஐந்து சட்டைகள்: பினாங்கு மாநகர் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர் அவர்களுக்கும் மாநகர் கழக உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டு அலமாரியில் அம்மாவின் சீருடைச் சட்டைகள் ஐந்து இருக்கின்றன. நீலம், பச்சை, சாம்பல், மறுபடியும் நீலம், இப்போது ஆரஞ்சு. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒவ்வொரு கம்பெனியின் பெயர். ஆனால் அம்மா வேலை மாறவே இல்லை. பதினைந்து ஆண்டுகளாக ஜார்ஜ்டவுனில் அதே அரசாங்க அலுவலகம், அதே மூன்றாவது மாடி, அதே கழிப்பறைகள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை துப்புரவுக் குத்தகை முடியும். டெண்டர் வேறு கம்பெனிக்குப் போகும். அம்மா புதுச் சட்டையும் புது வேலைக் கடிதமும் வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை ஆறரைக்கு அதே துடைப்பத்தை எடுப்பார்.

அந்தக் கடிதத்தில்தான் வினையே. வேலையில் சேர்ந்த தேதி புதிதாகிவிடும். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒரு முதலாளியிடம் இரண்டு ஆண்டு நிறையாதவருக்கு ஆண்டு விடுப்பு 8 நாள். இரண்டு நிறைந்தால் 12, ஐந்து நிறைந்தால் 16. அம்மா அந்தப் பதினாறைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு நாள் இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சேவையைத் தொடர்ச்சியாக எண்ணியிருந்தால் பதினைந்து ஆண்டில் 212 நாள் வந்திருக்கும். அவருக்குக் கிடைத்தது 140. மீதி 72 நாளையும் அவர் கூட்டியும் துடைத்தும் கழித்திருக்கிறார். போன ஆண்டு சுங்கை பட்டாணியில் சித்தி தவறியபோது விடுப்பு மிச்சமில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குச் சம்பள வெட்டில்தான் போய்வந்தார்.

சம்பளமும் இதே கதைதான். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. அம்மாவுக்கும் 1,700, நேற்றுச் சேர்ந்தவருக்கும் 1,700.

அம்மா வேலை செய்வது உங்கள் கட்டடத்தில் அல்ல. ஆனாலும் துப்புரவு, பாதுகாவல், புல்வெட்டு என்று எந்தப் பொது அமைப்பு குத்தகைக்கு விட்டாலும் இது நடக்கலாம். குறைந்த விலை சொல்பவருக்கே டெண்டர் என்றால், அவர் எங்கே குறைப்பார்? குறைந்தபட்சச் சம்பளத்தில் கை வைக்க முடியாது. ஆள் எண்ணிக்கையில் வைப்பார், சோப்புத் தண்ணீரில் வைப்பார். அம்மா கையுறையைப் பலமுறை சொந்தக் காசில் வாங்கியிருக்கிறார். கணக்கில் மிச்சமாகத் தெரியும் பணம் இப்படித் தொழிலாளியின் கையிலிருந்து போனதுதான்.

பிரிட்டனில் 2012-இல் ஒரு சட்டம் வந்தது. அரசாங்க அமைப்புகள் சேவையை வாங்கும்போது, அதனால் அந்த வட்டார மக்களின் வாழ்வுக்கு என்ன நன்மை என்றும் யோசிக்க வேண்டும் என்கிறது அது. இங்கிருக்கும் நமக்கு அதைவிட முக்கியமானது அங்குள்ள இன்னொரு விதி. சேவைக் குத்தகை கைமாறும்போது, அந்த வேலையைச் செய்துவரும் குழுவினர் பொதுவாகத் தங்கள் பழைய சேவை ஆண்டுகளோடு புதுக் கம்பெனிக்குப் போகிறார்கள். சட்டை மாறினாலும் தேதி மாறாது.

நான் கேட்பது அந்த ஒரு வரியைத்தான். 'வெற்றிபெறும் குத்தகையாளர், விருப்பமுள்ள தற்போதைய தொழிலாளர்களை அவர்களின் சேவை ஆண்டுகளோடு ஏற்க வேண்டும்' என்று உங்கள் டெண்டர் நிபந்தனையில் சேர்த்துவிடுங்கள். எல்லாருக்கும் ஒரே நிபந்தனை என்றால், நியாயமாக நடப்பவர் விலையில் தோற்க மாட்டார். மதிப்பீட்டிலும் விலைக்கு மட்டும் புள்ளி கொடுக்காமல், சம்பளச் சீட்டு ஒழுங்காகத் தருகிறாரா, சேம நிதியும் சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் மாதம் தவறாமல் கட்டியிருக்கிறாரா, மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தருகிறாரா என்பதற்கும் புள்ளி கொடுங்கள். செலவு கொஞ்சம் கூடும், மறுக்கவில்லை. உங்களுக்குக் கட்டும் வீட்டு மதிப்பீட்டு வரியில் அந்தப் பங்கை நான் மனதாரக் கட்டுவேன்.

உங்களால் முடியும் என்று நம்பித்தான் எழுதுகிறேன். பட்ஜெட்டைப் பெண்களின் தேவையையும் பார்த்துப் போட வேண்டும் என்று 2012-லேயே பினாங்குத் தீவு, செபராங் பிறை நகராண்மைக் கழகங்கள் முயற்சி எடுத்தன. எதற்குச் செலவழிக்கலாம் என்று அடுக்குமாடி மக்களிடமே கேட்டார்கள். துடைப்பம் பிடிப்பவர்களில் எத்தனை பேர் பெண்கள் என்று உங்கள் சொந்தக் குத்தகைகளிலும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. உங்களிடம் வாக்குச் சீட்டில் கேட்க எங்களுக்கு வழியில்லை. அதனால் மடலில் கேட்கிறேன். உங்கள் அடுத்த துப்புரவு டெண்டர் அறிவிப்பு வரும்போது அந்த வரி இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன்.

இப்படிக்கு,
ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு துப்புரவுத் தொழிலாளியின் மகள்