பீரங்கியை ஏன் தண்டித்தோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஸ்வீடனின் போபர்ஸ் நிறுவனத்திடம் நம் ராணுவத்துக்குப் பீரங்கி வாங்கியதில் லஞ்சம் கைமாறியதாக எழுந்த விவகாரம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1987 ஏப்ரலில் ஸ்வீடன் வானொலி சொன்ன செய்தி, சுவிஸ் வங்கிக் கணக்குகள், 1989 தேர்தல், எல்லாம் இருந்தது, சரி. அந்தப் பீரங்கியைப் பற்றி மட்டும் ஒரு வரி கூட இல்லை.

லஞ்சம் விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அதை வெளியே கொண்டுவந்ததில் சென்னையின் 'தி இந்து'வுக்கும், ஆவணங்களைத் தேடியெடுத்த சித்ரா சுப்ரமணியத்துக்கும் பெரிய பங்கு உண்டு. பணம் வாங்கியவர் யாராக இருந்தாலும் உள்ளே போயிருக்க வேண்டும். அவர்களைத் தண்டிக்க முடியாத நாம் பீரங்கியைத் தண்டித்தோமே, அதுதான் என் ஆதங்கம்.

1986 மார்ச்சில் போட்ட ஒப்பந்தப்படி வந்தவை 410 பீரங்கிகள், 155 மி.மீ. குழாய் விட்டம் கொண்ட வகை. ஒரு குண்டு நாற்பது கிலோவுக்கு மேல். பீரங்கியிலேயே இருக்கும் சின்ன கிரேன் மூன்று குண்டுகளைச் சேர்த்துத் தூக்கித் தட்டில் வைத்துவிடும், அப்புறம் பதினைந்து விநாடிக்குள் மூன்றும் அடுத்தடுத்துப் பறந்துவிடும். எங்கிருந்து சுட்டார்கள் என்று எதிரி கணக்குப் போட்டுத் திருப்பி அடிப்பதற்குள், இழுக்க லாரி வரும்வரை காத்திருக்காமல் தன் சொந்த எஞ்சினிலேயே இடம் மாறிக்கொள்ளும்.

1999இல் கார்கிலில் இது என்ன செய்தது என்பது ராணுவத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். வளைத்துத் தொலைதூரம் சுடுவதற்கான ஆயுதத்தை, திராஸ் பக்கம் நெடுஞ்சாலையை ஒட்டி நிறுத்தி, கண்ணுக்குத் தெரிந்த பதுங்குகுழிகளை நேராகவே குறிவைத்து அடித்தார்கள். அந்த உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு என்பதால் குண்டு வழக்கத்தைவிட அதிக தூரமும் போனது. தோலோலிங்கிலும் டைகர் ஹில்லிலும் ஏறி உயிரைக் கொடுத்தது காலாட்படைதான். மேலே இருந்தவனைத் தலை தூக்கவிடாமல் இந்தப் பீரங்கிகள் அடித்துக்கொண்டே இருந்திராவிட்டால் இன்னும் எத்தனை பிள்ளைகளை இழந்திருப்போம்!

அப்போதைய தளபதி மாலிக், இருப்பதை வைத்துப் போரிடுவோம் என்று சொன்னார். ஏன் சொல்ல வேண்டி வந்தது? அந்த நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கலே கூடாது என்று தடை போட்டோம், உதிரிபாகம் நின்றது, ஒரு பீரங்கியைப் பிரித்து இன்னொன்றுக்கு மாட்டும் நிலை வந்தது. இங்கேயே தயாரிக்க வாங்கி வைத்த வரைபடங்களை யாரும் தொடவில்லை, தொட்டால் நம் பெயரும் அடிபடுமோ என்ற பயம். அந்த வரைபடங்களை வைத்து ஜபல்பூரில் உருவான 'தனுஷ்' பீரங்கியின் முதல் ஆறு, ராணுவத்தின் கைக்கு வந்தது 2019இல். ஒப்பந்தம் போட்டு 33 வருஷம்! நடுவில் 2017இல் அமெரிக்காவின் எம்777 வரும்வரை புதிய 155 மி.மீ. பீரங்கி ஒன்றுகூட வாங்கவில்லை.

இதையே திருச்சியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தோளில் வைத்துச் சுடும் 84 மி.மீ. கார்ல் குஸ்தாஃப் ராக்கெட் லாஞ்சரும் ஸ்வீடன் சரக்குதான். உரிமம் வாங்கி, திருச்சி படைக்கலத் தொழிற்சாலையில் நம் ஆட்களே அதைச் செய்து கொடுத்து வருகிறார்கள். போபர்ஸின் 40 மி.மீ. எல்70 விமான எதிர்ப்புத் துப்பாக்கியும் அப்படித்தான், அறுபதுகளின் பழசு என்றாலும் இங்கேயே ரேடாரும் கேமராவும் பொருத்திப் புதுப்பித்ததால் 2025 மே மாதம் ட்ரோன்களைச் சுட்டு வீழ்த்தியது. கற்றுக்கொண்டு செய்த ஆயுதங்கள் நமக்குக் கைகொடுத்திருக்கின்றன, பயந்து மூடி வைத்தது கார்கிலில் பற்றாக்குறையாக வந்து நின்றது.

அடுத்த முறை போபர்ஸ் பற்றி எழுதும்போது, யார் எவ்வளவு வாங்கினார்கள் என்பதோடு இதையும் கேட்டு எழுதுங்கள்: அந்த வரைபடங்கள் இருபது வருஷத்துக்கும் மேலாக அலமாரியில் கிடந்ததற்கு யார் பொறுப்பு?

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருவெறும்பூர்