படைக்குச் சென்ற ஆயரும் நம் சபையாரே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1949-ஆம் ஆண்டு முதல் டிசம்பர் 7-ஆம் நாளைப் படைவீரர் கொடி நாளாகக் கடைப்பிடித்து வருகிறோம். அன்று உண்டியலில் பணம் போட்டுக் கொடியைச் சட்டையில் குத்திக்கொள்ளும் நாம், அந்த வீரர்களோடு சென்றிருக்கும் சமயப் பணியாளர்களைப் பற்றி அதிகம் நினைப்பதில்லை. ராயபுரத்தில் உள்ள எங்கள் சபையிலிருந்து அவ்வாறு சென்ற ஓர் ஆயருக்கு நாங்கள் இழைத்த குறையைச் சொல்லி, வட சென்னைச் சபைகள் அனைத்துக்கும் ஒரு வேண்டுகோளாக இதை எழுதுகிறேன்.

இந்திய ராணுவத்தில் பண்டிதர், கிரந்தி (சீக்கிய சமய குரு), மௌல்வி, பாதிரியார், பௌத்த பிக்கு ஆகியோர் சமய ஆசிரியர்களாக, நாயிப் சுபேதார் என்னும் இளநிலை அதிகாரி நிலையில் சேர்க்கப்படுகிறார்கள். வழிபாடு நடத்துவதோடு அவர்கள் வேலை முடிந்துவிடுவதில்லை. மருத்துவமனையில் இருப்பவர்களைப் பார்ப்பது, தேறி வருபவர்களோடு அமர்ந்து ஜெபிப்பது, தண்டனை பெற்ற வீரர்களைச் சந்திப்பது, அடக்க ஆராதனைகளில் உடன் நிற்பது ஆகிய யாவும் அவர்கள் கடமையில் அடங்கும். பாதிரியாராகச் சேர விரும்புபவர் முறைப்படி குருப்பட்டம் பெற்றவராகவும், தம் பகுதிப் பேராயரின் அங்கீகாரப் பட்டியலில் தொடர்ந்து இருப்பவராகவும் இருக்க வேண்டும் என்பது விதி. ஊர்த் திருச்சபையோடு அவருக்குள்ள உறவை ராணுவமே இவ்வளவு முக்கியமாகக் கருதும்போது, அந்த உறவைப் பேணுவதில் நாங்கள்தான் தவறினோம்.

எங்கள் ஆயர் இந்தச் சபையிலேயே ஞானஸ்நானம் பெற்று, ஞாயிறு பள்ளியில் படித்து, பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவர். வடக்கே மலைப்பகுதி ஒன்றுக்கு அவர் அனுப்பப்பட்ட புதிதில், வாரந்தோறும் ஜெபத்தில் அவர் பெயரைச் சொன்னோம். பிறகு அது மாதத்துக்கு ஒருமுறை ஆயிற்று. பிறகு நின்றே போயிற்று. யாரும் வேண்டுமென்று நிறுத்தவில்லை. அவருக்குப் பாட்டுக் கற்றுக்கொடுத்த ஞாயிறு பள்ளி ஆசிரியை காலமானபோது, ஆயரின் வீட்டார் சொல்லியிருப்பார்கள் என்று சபையை நிர்வகிக்கும் சேகரக் குழுவும், சேகரக் குழு தெரிவித்திருக்கும் என்று வீட்டாரும் இருந்துவிட்டோம். நான்கு மாதம் கழித்து விடுப்பில் வந்தவர், ஆராதனை முடிந்ததும் அந்த அம்மையார் வழக்கமாக அமரும் மூன்றாம் வரிசை பெஞ்சருகே சென்று நின்று, “டீச்சர் ஊருக்குப் போயிருக்கிறார்களா, அக்கா?” என்று என்னிடம் கேட்டார். அப்போது சேகரக் குழுவின் செயலாளராக இருந்தவள் நான். எத்தனையோ வீரர்களின் வீட்டுத் துக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து ஆறுதல் சொன்னவருக்கு, அவருடைய துக்கத்தைச் சொல்ல எங்களில் ஒருவர் இல்லாமற்போனதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

அன்று மாலை அவர் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய முகாமில் கிறிஸ்தவர்கள் ஒரு சிலரே. மிசோ, நாகா, மலையாளம் எனத் தாய்மொழி ஒவ்வொருவருக்கும் வேறு என்பதால் ஆராதனை இந்தியில்தான் நடக்கும். தமிழில் ஒரு கீர்த்தனை கேட்டே மாதக்கணக்கில் ஆகிவிட்டதாகச் சொன்னார். தம்மிடம் மனம்விட்டுப் பேச வருபவர்கள் உண்டு என்றும், தாம் மனம்விட்டுப் பேச உடன் ஊழியர் ஒருவர் அருகில் இல்லை என்றும் தயங்கித்தான் சொன்னார். எங்களிடம் அவர் கேட்டது சபைச் செய்திகளை மட்டுமே. யாருக்கு உடல்நலம் இல்லை, யாருக்குத் திருமணம், ஆர்மோனியத்தைப் பழுதுபார்த்தாயிற்றா, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காயை எவ்வளவுக்கு எடுத்தார்கள் என்பன போன்ற செய்திகள்.

அதன்பின் இதை ஒருவர் பொறுப்பில் விடுவதென்று முடிவு செய்தோம். எல்லோரும் பார்த்துக்கொள்வோம் என்று விட்டதால்தான் அந்தத் தவறு நேர்ந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு அவருக்குக் கடிதம் எழுதப்படுகிறது. மரணச் செய்தியானால் அன்றைக்கே தொலைபேசியில் தெரிவிக்கப்படுகிறது. அவர் எழுதும் பதில், அறிக்கைகள் வாசிக்கும் நேரத்தில் சபைக்கு வாசிக்கப்படுகிறது. பாடகர் குழு பாடிப் பதிவு செய்யும் கீர்த்தனைகளை, அவருக்கு இணைய வசதி கிடைக்கும் நாளில் கேட்டுக்கொள்கிறார்.

இதில் கட்டுப்பாடும் வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் வாலிபர் ஒருவர், அன்பின் மிகுதியால், ஆயர் பணிபுரியும் இடத்தின் பெயரோடு அவர் படத்தை முகநூலில் வெளியிட்டுவிட்டார். ஆயரே கேட்டுக்கொண்ட பிறகுதான் அது நீக்கப்பட்டது. 2020 ஜூலையில் முகநூல், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட 89 செயலிகளைக் கைப்பேசியிலிருந்து நீக்குமாறு ராணுவம் தன் வீரர்களுக்கு உத்தரவிட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், வெளியில் இருக்கும் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பது விளங்கும். ராணுவ அஞ்சல் முகவரியில் ஊர்ப் பெயரே இராது. எண், பெயர், படைப்பிரிவு, ‘56 ஏ.பி.ஓ.’ அல்லது ‘99 ஏ.பி.ஓ.’ (ஏ.பி.ஓ. என்றால் ராணுவ அஞ்சலகம்) என்பவற்றோடு 9-இல் தொடங்கும் அஞ்சல் குறியீட்டு எண் இருக்கும். அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமலேயே நம் கடிதம் அவரிடம் போய்ச் சேரும்போது, இடத்தைக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்துவது எதற்கு?

சிறையிலிருந்த பவுலுக்குப் பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்துவின் கையில் உதவி அனுப்பியதையும், பவுல் பதிலுக்கு நிருபம் எழுதியதையும் நாம் ஆண்டுதோறும் வாசிக்கிறோம். எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், புனித ஜார்ஜ் கோட்டைக்குள், 1680-இல் கட்டி முடிக்கப்பட்ட புனித மரியாள் ஆலயம் இருக்கிறது. அங்கே பணிபுரிந்த ஆங்கிலேயப் பாதிரிமார்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் கப்பலில் போய்ச் சேரப் பல மாதங்கள் ஆயின. ஒரு சில நாளில் கடிதம் சேர்கிற காலத்தில் இருக்கும் நாம் எழுதாமல் இருப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்ச் சபைகளில் எவரேனும் இவ்வாறு ராணுவத்தில் ஊழியம் செய்தால், அவருக்குக் கடிதம் எழுதும் பொறுப்பை ஒருவருக்கு இந்த மாதமே கொடுங்கள். ஒரு மௌல்வியையோ பண்டிதரையோ அனுப்பிவைத்திருக்கும் பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் இதே வேண்டுகோள்தான். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கல்கலும் அச்சு முறுக்கும் செய்து தகர டப்பாவில் அடைத்துவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முன் போய்ச் சேர வேண்டும் என்பதால் திங்கட்கிழமை காலையிலேயே அஞ்சலகத்தில் சேர்க்கவிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ராயபுரம், சென்னை - 600013